பிடித்தம் இல்லாத சம்பளம்

அப்பாவின் சம்பளச் சீட்டு இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது. பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தார். மாதக் கடைசியில் அந்த நீளமான சீட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, விரலால் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்குவார். இபிஎஃப், சொக்சோ, 1995-க்குப் பிறகு பிசிபி என்கிற மாதாந்திர வரிப் பிடித்தம். கடைசி வரிக்கு வந்ததும் அம்மாவைப் பார்த்து, "பிடிச்சது போக இருக்கிறதுதான் நம்ம காசு. பிடிச்சதப் பத்தி கவல இல்ல, அது போக வேண்டிய இடத்துக்குப் போயிடும்" என்பார்.

சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் என் சம்பளச் சீட்டைப் பார்த்தபோது அப்பாவின் நினைவுதான் வந்தது. 'பிடித்தம்' என்ற கட்டத்தில் பூஜ்யம் இருந்தது. வேலை அனுமதியில் இருக்கும் மலேசியர்களுக்கு அங்கே மத்திய சேமநிதி கிடையாது. வருமான வரியையும் சிங்கப்பூரில் மாதாமாதம் பிடிப்பதில்லை. ஆண்டு முடிந்ததும் நிறுவனம் நம் சம்பள விவரத்தை வரி ஆணையத்துக்கு அனுப்பும். நாம் ஏப்ரல் 18-க்குள் இணையத்தில் சரிபார்த்துத் தாக்கல் செய்ய வேண்டும். பிறகு மதிப்பீட்டுக் கடிதம் வரும். அதை ஒரேயடியாகக் கட்டலாம், அல்லது ஜைரோ வழியாக வட்டியில்லாமல் 12 தவணையாகக் கட்டலாம். வெளிநாட்டவர் வேலையை விடும்போது மட்டும், வரிக் கணக்கு தீரும்வரை நிறுவனம் கடைசிச் சம்பளத்தைப் பிடித்து வைத்திருக்கும். அது தவிர, கைக்கு வரும் சம்பளம் முழுச் சம்பளம்.

"ஜொகூர்ல வீடு, சிங்கப்பூர்ல வேல, வரி அங்கதான்" என்று கோஸ்வே பேருந்து வரிசையில் நிற்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அது தவறில்லை. தினமும் பாலத்தைத் தாண்டிப் போய் அங்கேயே வேலை செய்து வருகிறவர்களுக்கு அதுதான் நிலை. அந்தச் சம்பளம் மலேசியாவுக்கு வெளிநாட்டு வருமானம். அங்கே வரிக்கு உட்பட்ட அந்த வருமானத்தைத் தனிநபர்கள் இங்கே கொண்டுவரும்போது அளிக்கப்படும் விலக்கு 2036 இறுதிவரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது.

நான் எப்போது அந்த வரிசையிலிருந்து விலகினேன் என்பது எனக்கே தெரியவில்லை. அதுதான் இந்தக் கதை.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தபோது, என்னைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்கள் ஓர் இரவுக்குள் முடிவெடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் போனால் வேலை, இந்தப் பக்கம் இருந்தால் குடும்பம். நான் இரண்டு பையோடு அந்தப் பக்கம் போனேன். ஈசூனில் ஓர் அறையில் ஈராண்டு இருந்தேன். அம்மாவைக் கைப்பேசித் திரையில்தான் பார்த்தேன். 2022 ஏப்ரல் 1-ஆம் தேதி தரைவழி எல்லை திறந்தவுடன் வீட்டுக்குத் திரும்பினேன். வாசலில் நின்ற அம்மா மெலிந்திருந்தார், ஆனால் நடந்து வந்துதான் கேட்டைத் திறந்தார்.

அந்த ஆண்டு ஜூலையில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் பேச்சைக் கேட்கவில்லை. அப்பா இல்லை. தம்பி கிள்ளானில் இருக்கிறான். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு, வாரத்தில் இரண்டு நாள் இயன்முறைச் சிகிச்சைக்குக் கூட்டிப் போக வேண்டும். காலை நாலரை மணிக்குக் கிளம்பி இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும் நான் எப்படிக் கூட்டிப் போவது?

என் மேலாளரிடம் சொன்னேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. "வாரத்துக்கு ரெண்டு நாள் வீட்லேர்ந்து வேல செய், மடிக்கணினி இருக்குல்ல" என்றார். ஆகஸ்ட் மாதத்திலிருந்து புதனும் வெள்ளியும் என் அலுவலகம் எங்கள் வீட்டுச் சமையலறை மேசைக்கு வந்தது. காலையில் அம்மாவுக்குப் பசியாறக் கொடுத்துவிட்டு எட்டரைக்குக் கணினியைத் திறப்பேன். மதிய உணவு நேரத்தில் சிகிச்சைக்குக் கூட்டிப் போவேன். விட்ட நேரத்தை மாலையில் ஈடு செய்வேன். அம்மா முதலில் கரண்டியைப் பிடித்தார். பிறகு சுவரைப் பிடித்து நான்கு அடி நடந்தார். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு இப்படியே ஓடியது.

2024 பிப்ரவரியில் மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எல்லா ஊழியர்களுக்கும் பொதுவானது. சிங்கப்பூருக்கு வெளியேயிருந்து வேலை செய்யும் ஏற்பாடுகள் மார்ச் மாதத்துடன் நிறுத்தப்படும் என்றும், பிற நாடுகளின் வரிப் பொறுப்புகளே காரணம் என்றும் இருந்தது. கடைசி வரி என்னை உலுக்கியது: இதுவரை வெளிநாட்டிலிருந்து வேலை செய்தவர்கள் தத்தம் நாட்டு வரி நிலையைத் தாங்களே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

மனிதவளப் பிரிவுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். அங்கிருந்த பெண்மணி பொறுமையாகத்தான் விளக்கினார். ஊழியர் ஒருவர் மலேசியாவில் உட்கார்ந்து தொடர்ந்து வேலை செய்தால், நிறுவனமே அங்கே தொழில் நடத்துவதாகக் கருதப்படலாம். முதலாளி என்ற முறையில் அங்கே பதிவு, மாதாந்திரப் பிடித்தம், சேமநிதி என்று கேள்விகள் கிளம்பும். ஒன்றிரண்டு பேருக்காக அதைச் செய்ய நிறுவனம் தயாராக இல்லை. "உங்களுக்கு மாசாமாசம் யாரும் அங்க வரி பிடிக்கல. ஆனா பிடிக்கலன்னா கட்ட வேண்டாம்னு அர்த்தம் இல்ல" என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னதன் சாரத்தை என் காது தமிழில் அப்பாவின் குரலில் கேட்டது.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. சமையலறை மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் ஆண்டுச் சம்பளம் 60,000 சிங்கப்பூர் வெள்ளி. 2023-இல் ஒரு வெள்ளி சுமார் 3.40 ரிங்கிட். மொத்தம் 204,000 ரிங்கிட். தனிநபர் கழிவு 9,000 போக 195,000. மலேசிய வரி விகிதப்படி முதல் ஒரு லட்சத்துக்கு 9,400, அதற்கு மேல் 25 விழுக்காடு. விடை 33,150 ரிங்கிட். ஓராண்டுக்கு மட்டும். அதற்கு முந்தைய ஆண்டு வேறு இருக்கிறது. ஏற்கெனவே சிங்கப்பூரிலும் கட்டியாயிற்று. அம்மாவின் சிகிச்சைக்கென்று சேர்த்து வைத்த பணம் அதில் பாதிகூட இல்லை.

இணையத்தில் தேடினேன். ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். 60 நாளுக்குக் குறைவாக வேலை செய்தால் வரி இல்லை என்றார் ஒருவர். 183 நாள் தாண்டினால்தான் என்றார் இன்னொருவர். சம்பளம் சிங்கப்பூர் வங்கியில் ஏறினால் மலேசியாவுக்குச் சம்பந்தமே இல்லை என்றார் மற்றொருவர். "யாருக்குத் தெரியப் போகுது, பேசாம இரு" என்றான் தம்பி. உண்மையைச் சொன்னால், அந்த இரவு எனக்கும் அதுதான் பிடித்திருந்தது.

மறு வாரம் கோயிலில் அன்னதானத்துக்கு உதவப் போனபோது, நிர்வாகக் குழுவில் இருக்கும் கணக்காளர் அண்ணனிடம் மெதுவாகக் கேட்டேன். ஜொகூர் பாருவில் சின்னதாக அலுவலகம் வைத்திருக்கிறார். வாழைக்காயை நறுக்கிக்கொண்டே கேட்டார்.

"சம்பளம் எங்க ஏறுதுன்னு யாரும் கேக்கல தங்கச்சி. நாற்காலி எங்க இருந்துச்சுன்னுதான் கேக்குறாங்க."

மறுநாள் அவருடைய அலுவலகத்தில் உட்கார்ந்து அவர் விளக்கியதை இங்கே எழுதுகிறேன். என்னைப் போல எத்தனையோ பேர் இதே குழப்பத்தில் இருக்கிறார்கள்.

மலேசியச் சட்டப்படி, இந்த நாட்டில் இருந்துகொண்டு செய்யும் வேலைக்கான சம்பளம் மலேசியாவில் ஈட்டிய வருமானம். முதலாளி எந்த நாட்டவர், எந்த வங்கியில் பணம் ஏறுகிறது, எந்த நாணயத்தில் வருகிறது என்பது கணக்கில் வராது. ஆகவே வெளிநாட்டு வருமானத்துக்கான விலக்கு என் புதன், வெள்ளிக் கிழமைகளுக்குப் பொருந்தாது. திங்கள், செவ்வாய், வியாழனுக்குப் பொருந்தும்.

"அப்ப அந்த 60 நாள் விதி?" என்றேன்.

"அது இந்த நாட்டு வரிக் குடியிருப்பாளரா இல்லாதவங்களுக்கு. வெளிநாட்டுலேர்ந்து கொஞ்ச நாளைக்கு வந்து வேல செஞ்சிட்டுப் போறவங்களுக்கு. நீ ராத்திரி எங்க தூங்குற?"

"வீட்லதான் அண்ணே."

"அப்புறம் என்ன? ஒரு நாள்ல கொஞ்ச நேரம் இங்க இருந்தாலே அது ஒரு நாள் கணக்கு. வருசத்துல 182 நாள் இருந்தா நீ இங்கத்த வரிக் குடியிருப்பாளர். அது உனக்கு நல்லதுதான், கழிவெல்லாம் கிடைக்கும்."

183 நாள் விதியும் இப்படித்தான். மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. ஒரு நாட்டின் குடியிருப்பாளர் மற்ற நாட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் வேலை செய்தால் என்ன செய்வது என்பதற்காக அந்த விதி அதில் இருக்கிறது. சொந்த வீட்டில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்காக அல்ல.

பிறகு அவர் என்னிடமிருந்த தாளை வாங்கி, 33,150 என்ற எண்ணைப் பார்த்துச் சிரித்தார். "முழுச் சம்பளத்துக்கும் யாரு உன்னக் கட்டச் சொன்னா? வீட்டு நாளுக்கு மட்டும்தான்."

விடுப்புப் பதிவு, மேலாளருக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள், அலுவலகக் கதவைத் திறந்த அட்டைப் பதிவு எல்லாவற்றையும் வைத்து நாள்களை எண்ணினோம். 2023-இல் வேலை செய்த நாள்கள் 240. அதில் வீட்டிலிருந்து செய்தவை 84. நூற்றுக்கு 35. சம்பளத்தில் 35 விழுக்காடு என்றால் 21,000 வெள்ளி, அதாவது 71,400 ரிங்கிட். தனிநபர் கழிவு 9,000.

"அம்மாவோட சிகிச்ச ரசீது இருக்கா?" என்று கேட்டார்.

ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தது. பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு ஆண்டுக்கு 8,000 ரிங்கிட் வரை கழிவு உண்டு என்பது எனக்கு அதுவரை தெரியாது. மலேசியாவில் நான் வரித் தாக்கலே செய்ததில்லை, எப்படித் தெரியும்? என் செலவு அதைத் தாண்டியிருந்தது. முழு 8,000-உம் கழிந்தது. மீதி 54,400. வரி 1,984 ரிங்கிட்.

2022-ஐயும் பார்த்தோம். ஐந்து மாதத்தில் 36 வீட்டு நாள்கள். ஆண்டுச் சம்பளத்தில் 15 விழுக்காடு, அன்றைய மதிப்பில் 28,800 ரிங்கிட். கழிவுகள் போக 16,800. அதற்கான வரி 118 ரிங்கிட். வரிக்குரிய வருமானம் 35,000-க்குள் இருந்தால் 400 ரிங்கிட் தள்ளுபடி உண்டு. ஆக, பூஜ்யம்.

தூக்கத்தைக் கெடுத்த 33,150, இரண்டாயிரத்துக்குள் வந்து நின்றது. நிம்மதியாக இருந்தது. கூடவே வெட்கமாகவும் இருந்தது. இரண்டாயிரம் ரிங்கிட்டுக்காகவா பேசாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன்?

அந்த நாள்களில் என்னோடு காணொளிக் கூட்டங்களில் பேசும் அமெரிக்க சகா ஒருவரிடம் இதைச் சொன்னேன். வீடு நியூஜெர்சியில், அலுவலகம் நியூயார்க்கில். அவர் என்னைவிடச் சலித்துக்கொண்டார். அமெரிக்காவில் கூட்டரசு வரி போக, பெரும்பாலான மாநிலங்கள் தனியாக வருமான வரி வாங்குகின்றன. பொதுவாக அங்கேயும் வேலை செய்த இடம்தான் கணக்கு. ஆனால் நியூயார்க் வேறு மாதிரி. ஊழியர் தம் வசதிக்காகப் பக்கத்து மாநிலத்து வீட்டில் வேலை செய்தால், அந்த நாளையும் நியூயார்க்கில் வேலை செய்த நாளாகவே எண்ணும். முதலாளியின் தேவைக்காக என்றால்தான் விலக்கு. அதனால் அவர் வீட்டில் இருந்த நாள்களுக்கும் சம்பளத்தில் நியூயார்க் வரி பிடிக்கப்படுகிறது. பிறகு அதைக் காட்டி நியூஜெர்சியில் கழித்துக்கொள்கிறார். அதே நியூஜெர்சிக்கும் பென்சில்வேனியாவுக்கும் இடையே உடன்பாடு இருக்கிறது. எங்கே வேலை செய்தாலும் குடியிருக்கும் மாநிலத்துக்கு மட்டும் சம்பள வரி.

கொரோனா காலத்தில் இந்தச் சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது. மாசசூசெட்ஸ் அலுவலகங்களுக்குப் போய்வந்துகொண்டிருந்த நியூ ஹாம்ப்ஷியர்வாசிகள் வீட்டிலிருந்து வேலை செய்தபோதும் மாசசூசெட்ஸ் வரி கேட்டது. சம்பளத்துக்கு வரியே வாங்காத நியூ ஹாம்ப்ஷியர், 2020-இல் மாசசூசெட்ஸ் மீது வழக்குத் தொடுத்தது. 2021 ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் அதை விசாரணைக்கு எடுக்க மறுத்துவிட்டது. ஒரே கொடி, ஒரே நாணயம் உள்ள மாநிலங்களுக்கிடையிலேயே நாற்காலி எங்கே இருந்தது என்று இவ்வளவு வழக்கு. நமக்கு நடுவில் கடலே இருக்கிறது.

ஆனால் ஒரு வித்தியாசத்தை அந்த சகா சொல்லித்தான் கவனித்தேன். அங்கே சரியோ தவறோ, எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்று நிறுவனம் ஒவ்வொரு சம்பளத்திலும் பிடித்துவிடுகிறது. ஊழியர் சீட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். என் சீட்டில் அந்தக் கட்டம் பூஜ்யமாகவே இருந்தது. பூஜ்யத்தைப் பார்க்கும் யாருக்கும் கேள்வி கேட்கத் தோன்றாது.

ஏப்ரல் மாதம் வரி எண்ணுக்குப் பதிவு செய்தேன். 2023-க்கான கணக்கை இணையத் தாக்கலுக்கான மே 15-ஆம் தேதிக்கு முன்பே அனுப்பினேன். 2022-க்கானதைத் தாமதமாகத் தாக்கல் செய்தேன். வரி பூஜ்யம் என்பதால் எனக்குப் பெரிய சிக்கல் வரவில்லை. வரி இருந்து தாமதமாகியிருந்தால் அபராதமும் சேர்ந்திருக்கும் என்று அண்ணன் எச்சரித்தார். சிங்கப்பூரில் முழுச் சம்பளத்துக்கும் வரி கட்டியிருந்தேன். அதில் வீட்டு நாள்களின் பங்கைச் சரிசெய்யக் கேட்பதற்கு, எந்த நாள் எங்கே வேலை செய்தேன் என்று நிறுவனத்தின் கடிதம் வேண்டும். அதை வாங்க அலைந்தது தனிக் கதை. பெரிய தொகை இல்லை என்றாலும் விடவில்லை. ஒரே நாளுக்கு இரண்டு பேருக்குக் கட்ட வேண்டியதில்லை என்பதற்குத்தானே ஒப்பந்தம்?

வரிப் பிரச்சினை தீர்ந்தது. அம்மாவின் பிரச்சினை தீரவில்லை.

ஏப்ரலிலிருந்து வாரம் ஐந்து நாளும் பாலத்தைத் தாண்டினேன். தாமானில் இருக்கும் அக்கா ஒருவரைப் பகலில் அம்மாவோடு இருக்க ஏற்பாடு செய்தேன். நல்லவர்தான். ஆனால் சிகிச்சைக்குக் கூட்டிப் போக வண்டி ஓட்டத் தெரியாது. வாரம் இரண்டு நாள் என்றிருந்த சிகிச்சை, சனிக்கிழமை மட்டும் என்று ஆனது. சுவரைப் பிடித்து வாசல்வரை போய்க்கொண்டிருந்த அம்மா, செப்டம்பர் வாக்கில் கூடத்தோடு நின்றுவிட்டார். "எனக்கென்னம்மா, நீ நேரத்துக்குத் தூங்கு" என்பார். இரவு எட்டு மணிக்கு நான் வரும்போது அவர் சாப்பிடாமல் காத்திருப்பார். வேலையை விட்டுவிடலாமா என்று எத்தனையோ இரவு யோசித்தேன். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு ஜொகூரில் வேலை கிடைக்கும். சிகிச்சைச் செலவு மூன்றில் ஒரு பங்காகக் குறையாது.

அந்த ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி சிங்கப்பூரில் நீக்குப்போக்கான வேலை ஏற்பாடுகளுக்கான முத்தரப்பு வழிகாட்டிகள் நடப்புக்கு வந்தன. ஊழியர் முறையாக விண்ணப்பித்தால் முதலாளி அதைச் சரியாகப் பரிசீலித்து இரண்டு மாதத்துக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் மறுத்தால் தொழில் சார்ந்த காரணம் சொல்ல வேண்டும்.

டிசம்பர் இரண்டாம் வாரமே விண்ணப்பித்தேன். இம்முறை வாய்ப்பேச்சாகக் கேட்கவில்லை. அம்மாவின் மருத்துவர் கடிதத்தை இணைத்தேன். நான் செய்வது கணக்குச் சரிபார்ப்பு வேலை, மலேசியாவில் யாரிடமும் விற்பனையோ ஒப்பந்தமோ பேசுவதில்லை என்று எழுதினேன். இரண்டு ஆண்டுக்கான என் வரித் தாக்கல் ரசீதுகளையும் வைத்தேன். வீட்டு நாள்களை நானே பதிவு செய்வேன், மலேசிய வரி என் பொறுப்பு என்றும் எழுதினேன். அண்ணன் படித்துப் பார்த்து, "இதத்தான் அவங்க பயப்படுறாங்க. அத நீயே முன்னால சொல்லிட்ட, நல்லது" என்றார்.

ஜனவரி கடைசியில் பதில் வந்தது. இரண்டு நாள் கேட்டேன், ஒரு நாள் கொடுத்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை. வீட்டு நாள்களின் எண்ணிக்கையை ஆண்டு முடிவில் கடிதமாகத் தருவார்கள். அந்தக் கடிதம்தான் எனக்கு மிகப் பெரிய லாபம் என்று அண்ணன் சொன்னார். எனக்கு மிகப் பெரிய லாபம் புதன்கிழமை.

இப்போது அப்பாவின் வழக்கத்தை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். சமையலறை நாள்காட்டியில் சிங்கப்பூரில் வேலை செய்த நாளுக்கு 'சி', வீட்டில் வேலை செய்த நாளுக்கு 'வீ' என்று அன்றன்றே எழுதுகிறேன். தானியங்கி வாசல் வழியாகப் போய்வருவதால் கடப்பிதழில் முத்திரை விழுவதில்லை. அதனால் நம் பதிவை நாமே வைத்திருக்க வேண்டும். அம்மாவின் ரசீதுகள் இப்போது மாத வாரியாக உறையில் இருக்கின்றன. சம்பளம் வந்த அன்றே, வீட்டு நாள்களின் பங்கில் பத்தில் ஒன்றைத் தனிக் கணக்கில் போட்டுவிடுகிறேன். அந்தக் கணக்குக்குக் கைப்பேசியில் 'பிடித்தம்' என்று பெயர் வைத்திருக்கிறேன். யாரும் பிடிக்காததை நான் பிடித்து வைக்கிறேன். ஏப்ரல் வரும்போது அது போக வேண்டிய இடத்துக்குப் போய்விடும்.

எல்லாருடைய கணக்கும் என்னுடையதைப் போல இருக்காது. நிரந்தரவாசிகள், குடும்பத்தோடு அங்கேயே இருப்பவர்கள், மலேசியாவிலும் வேறு வருமானம் உள்ளவர்கள் ஆகியோரின் நிலை மாறும். ஆர்டிஎஸ் ரயிலும் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டலமும் வந்துகொண்டிருக்கும் நேரத்தில், இரண்டு பக்கமும் காலை வைத்து வேலை செய்கிறவர்கள் இன்னும் கூடத்தான் போகிறார்கள். "வீட்லேர்ந்து வேல செய்யலாம்" என்று மேலாளர் சொன்னதும் மகிழ்ச்சியில் தலையாட்டிவிட்டு வராதீர்கள். அதை எழுத்தில் வாங்குங்கள், அன்றிலிருந்தே நாள்களை எண்ணத் தொடங்குங்கள், தெரிந்த கணக்காளர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். நான் ஒன்றரை ஆண்டு கழித்துச் செய்ததை நீங்கள் முதல் வாரத்திலேயே செய்துவிடலாம்.

இந்தப் புதன்கிழமை மதியம் சிகிச்சை முடிந்து வந்தோம். காரிலிருந்து இறங்கிய அம்மா, என் கையை விட்டுவிட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டார். அங்கிருந்து வாசற்படிவரை ஒன்பது அடி. தானாகவே நடந்தார். உள்ளே போனதும் நாள்காட்டியைப் பார்த்து, "இன்னிக்கு இன்னும் போடலியே" என்று பென்சிலை எடுத்தார். வலது கையால், கோணலாக, 'வீ' என்று எழுதினார்.